தீயின் பசி: அக்கினியின் தலைமறைவுக் கதைகளை முன்வைத்து

கேள்வி

ரிக்வேதத்தின் 1,028 சூக்தங்களில் ஏறத்தாழ 200 அக்கினிக்கு உரியவை. தொகுப்பைத் தொடங்கிவைப்பதும் அவனைப் பற்றிய சூக்தமே. இந்திரன் ஒருவனைத் தவிர வேறெந்தத் தெய்வமும் அங்கே இவ்வளவு பாடப்படவில்லை. வேள்வியில் இடும் அவியைத் தேவர்களிடம் சேர்ப்பவன், தேவர்களை வேள்விக் களத்துக்கு அழைத்துவருபவன், மண்ணுக்கும் விண்ணுக்கும் நடுவே ஓயாமல் போய்வரும் தூதன் என்றுதான் அக்கினியைப் பற்றிய எந்த அறிமுகமும் தொடங்கும். அதில் பிழையில்லை. ஆயினும் இந்தத் தூதன் தன் பணியை உதறிவிட்டு ஓடி ஒளிந்த கதை ரிக்வேதத்திலேயே இருக்கிறது. யஜுர்வேத நூல்களும் பிராமணங்களும் அதை மீண்டும் சொல்கின்றன. மகாபாரதம் ஒருமுறைக்கு மேல், வெவ்வேறு காரணங்களோடு சொல்கிறது.

இந்திரனும் ஒளிந்தவன்தான். விருத்திரனைக் கொன்ற பழிக்கு அஞ்சித் தாமரைத் தண்டுக்குள் புகுந்துகொண்டான். அங்கே காரணம் ஒன்றே. பழி நீங்கியதும் கதை முடிந்துவிடுகிறது. அக்கினியின் கதை அப்படி முடிவதில்லை. ஒரு நூலில் அண்ணன்மாருக்கு நேர்ந்தது தனக்கும் நேரும் என்று ஓடுகிறான். இன்னொன்றில் முனிவரின் சாபத்தால் வெகுண்டு ஒதுங்குகிறான். வனபர்வத்தில், தன் இடத்துக்கு வேறொரு தீ வந்துவிட்டது என்று எண்ணித் தயங்கி நிற்கிறான். காரணம் மாறிக்கொண்டே இருக்கிறது, ஓட்டம் மட்டும் மாறவில்லை. வேள்வியே தன்னை நம்பி நடக்கும்போது ஒரு தெய்வம் ஏன் இப்படித் திரும்பத் திரும்ப ஓடவேண்டும்?

தூதன் என்ற அடையாளம் அக்கினிக்குப் பிற்பாடு வாய்த்தது என்பது என் வாசிப்பு. அவன் அடிப்படையில் உண்பவன். எதை உண்ணலாம், யாருக்காக உண்ணலாம், எதைத் தொடக் கூடாது என்பன பற்றி அவனோடு செய்துகொண்ட உடன்பாட்டால்தான் அவன் தூதன் ஆகிறான். அந்த உடன்பாடு முறியும் இடங்களிலும் புதுப்பிக்கப்படும் இடங்களிலும் தலைமறைவுக் கதை முளைக்கிறது.

இதுவரையான விளக்கங்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆய்வாளர்கள் வேதத் தெய்வங்களை இயற்கை நிகழ்வுகளாகப் படித்தார்கள். அவ்வகையில் தீ நீருக்குள் ஒளிவது மேகத்துக்குள் இருக்கும் மின்னலைக் குறிக்கும். ஏ.ஏ. மெக்டொனல் 1897இல் வெளியிட்ட வேதத் தொன்மவியல் நூல் இந்தப் போக்கின் திரட்டு எனலாம். நீருக்குள் நெருப்பு என்ற படிமம் வேதத்தில் உண்மையிலேயே உண்டு. அபாம் நபாத் என்ற தெய்வமே அதற்குச் சான்று. ஆனால் ஒளிந்திருக்கும் அக்கினி வெளியே வருவதற்கு நிபந்தனை விதிக்கிறான், பங்கு கேட்கிறான், வரம் வாங்குகிறான். மின்னல் பேரம் பேசுவதில்லை. இந்த விளக்கம் ஒளியும் இடத்தைச் சொல்கிறது, ஓட்டத்தைச் சொல்லவில்லை.

இரண்டாவது விளக்கம் வீழ்ச்சி பற்றியது. வேள்வி தளர்ந்து கோயில் வழிபாடு ஓங்கிய காலத்தில் அக்கினி தென்கிழக்குத் திசைக் காவலனாகச் சுருங்கினான்; இரு தலையும் ஏழு நாக்கும் ஆட்டுக்கடா வாகனமுமாகக் கோயில் சுவரின் ஒரு மூலையில் நின்றுகொண்டான். இதுவும் உண்மையே. ஆனால் தலைமறைவுக் கதை அவன் செல்வாக்கின் உச்சத்தில் இருந்த நாளிலேயே தோன்றிவிட்டது. எனவே வீழ்ச்சியால் அதை விளக்க முடியாது.

வலுவான விளக்கங்கள் சடங்கை ஆராய்ந்தவர்களிடமிருந்து வந்தன. டச்சு அறிஞர் ஜே.சி. ஹீஸ்டர்மன், நமக்குக் கிடைக்கும் வேள்வி விதிகளுக்குப் பின்னே பழைய போட்டி வேள்வி ஒன்று இருந்தது என்றார். எதிராளியோடு மோதி உணவையும் செல்வத்தையும் வெல்லும் களமாக அது இருந்தது. பிற்கால வைதிகர்கள் எதிராளியை அகற்றிவிட்டு வன்முறையை விதிகளுக்குள் அடக்கினார்கள் என்பது 1993இல் வந்த அவருடைய நூலின் வாதம். அக்கினி கதைகளில் நிலைத்திருக்கும் அச்சத்தைப் புரிந்துகொள்ள இது பெரிதும் உதவுகிறது.

ஃப்ரிட்ஸ் ஸ்டால் நேர் எதிரான முடிவுக்கு வந்தார். சடங்கு என்பது விதிகளின் ஒழுங்கு, அதற்குப் பொருள் என்று ஒன்று கிடையாது என்றார். 1975 ஏப்ரலில் கேரளத்தின் பாஞ்ஞாள் கிராமத்தில் நம்பூதிரிகள் பன்னிரண்டு நாள் நடத்திய அக்கினிசயன வேள்வியைப் பதிவு செய்தவர் அவர். பறவை வடிவில், ஐந்து அடுக்காக, ஆயிரத்துக்கும் மேற்பட்ட செங்கற்களால் எழுப்பிய அந்தப் பீடத்தைப் பற்றி அவர் 1983இல் கொண்டுவந்த இரு பெருந்தொகுதிகளுக்கு ஈடான ஆவணம் வேறில்லை. ஆனால் அந்த ஆவணத்திலேயே அவருடைய கோட்பாட்டுக்கு ஒரு மறுப்பும் கிடக்கிறது. விதிப்படி அந்த வேள்வியில் ஆடுகள் பலியிடப்பட வேண்டும். எதிர்ப்புக் கிளம்பியது. கடைசியில் ஆட்டுக்குப் பதிலாக அரிசி மாவை வாழையிலையில் பொதிந்து தீயிலிட்டார்கள். மந்திரத்தின் ஓர் எழுத்தைக்கூட மாற்றச் சம்மதிக்காத ஒரு மரபு, தீ உண்ணும் பொருளை மாற்றச் சம்மதித்தது. அந்த மாற்றத்துக்காக வேள்விக்கு வெளியே இருந்தவர்களும் குரல் கொடுத்தார்கள். எல்லாம் பொருளற்ற விதியாக இருந்தால் எதை உண்பது என்பதில் இத்தனை மனங்கள் பதறியிருக்க வேண்டியதில்லை.

பங்கு கேட்கும் தெய்வம்

ரிக்வேதம் பத்தாம் மண்டலத்தின் 51ஆம் சூக்தம் உரையாடலாக அமைந்தது. நீருக்குள் தடித்த உறைக்குள் சுருண்டிருந்த அக்கினியைத் தேவர்கள் கண்டுபிடித்துவிடுகிறார்கள். தன்னைப் பார்த்தது யார் என்று கேட்கிறான். யமன் அடையாளம் கண்டான் என்று வருணன் சொல்கிறான். அவி சுமக்கும் பொறுப்புக்கு அஞ்சியே இங்கு வந்தேன், முன்னவர்கள் இந்த வழியில் தேர்க்குதிரைபோல் ஓடித் தேய்ந்தார்கள் என்று அக்கினி பதில் தருகிறான். வில்லின் நாணொலிக்கு மிரளும் காட்டெருமையின் அச்சம் அவனுக்கு. தேவர்கள் மூப்பில்லா வாழ்வைத் தருகிறோம் என்கிறார்கள். அது போதவில்லை. வேள்வியின் தொடக்கத்திலும் முடிவிலும் இடும் ஆகுதிகள் முழுவதும் தனக்கே வேண்டும் என்று கேட்டுப் பெற்ற பிறகே வெளியே வருகிறான்.

தைத்திரீய சம்ஹிதை அந்த முன்னவர்களை அண்ணன்மார் மூவர் என்கிறது. மூவரும் தேவர்களுக்கு அவி சுமந்தே மாண்டுபோனார்கள். தம்பி இங்கே கேட்கும் வரம் அவர்களுக்கானது: வேள்வித்தீயைச் சூழ்ந்திருக்கும் எல்லைக்கு வெளியே சிந்தும் அவி என் அண்ணன்மாரின் பங்காக இருக்கட்டும். தீயின் மேற்கிலும் தெற்கிலும் வடக்கிலும் வைக்கப்படும் பரிதி என்ற மூன்று குச்சிகளோடு இந்தக் கதை இணைக்கப்படுகிறது. செத்துப்போன மூன்று சுமையாளிகள் உயிரோடிருக்கும் நான்காமவனைச் சுற்றி நிற்கிறார்கள். ஒவ்வொரு வேள்வியிலும் அந்தச் சாவு நினைவூட்டப்படுகிறது. சடங்கு நூல்கள் உணர்ச்சியற்றவை என்று சொல்பவர்கள் இந்தப் பகுதியை ஒருமுறை நின்று படிக்க வேண்டும்.

படைத்தவனை நோக்கித் திறந்த வாய்

இந்த அச்சம் சுமப்பவனின் அச்சம். இதன் மறுபக்கத்தைச் சதபத பிராமணத்தின் இரண்டாம் காண்டம் காட்டுகிறது. தனியனாக இருந்த பிரஜாபதி தன் வாயிலிருந்து அக்கினியைப் பிறப்பிக்கிறான். வாயில் பிறந்ததால் அவன் உண்பவன். ஆனால் உண்ண எதுவும் இல்லை. பூமி மொட்டையாகக் கிடக்கிறது. செடி இல்லை, மரம் இல்லை. அக்கினி வாயைத் திறந்தபடி படைத்தவனை நோக்கியே திரும்புகிறான். பிரஜாபதி வெலவெலத்துப்போய்த் தன் இரு கைகளையும் தேய்க்கிறான். நெய் பிறக்கிறது, ஆனால் அதில் மயிர் கலந்திருக்கிறது. அதைத் தீயில் ஊற்ற, செடிகொடிகள் முளைக்கின்றன. மீண்டும் தேய்க்கிறான். இதை இடலாமா, வேண்டாமா என்று தயங்குகிறான். அவனுடைய சொந்த வாக்கே இடு என்கிறது. ஸ்வாஹா என்று சொல்லி இடுகிறான். தன்னை விழுங்கவந்த சாவிலிருந்து தப்புகிறான். மனிதரின் உள்ளங்கையில் மயிர் முளைக்காததற்கு அந்தத் தேய்ப்பே காரணம் என்று நூல் சேர்த்துச் சொல்கிறது.

ஆகுதியின் தோற்றக் கதை இதுதான். இதில் காணிக்கை இல்லை, நன்றி இல்லை, தேவர்களுக்கு அனுப்பும் செய்தியும் இல்லை. படைத்தவன் தன்னைக் காத்துக்கொள்ள வேறொரு பொருளைத் தீயின் வாயில் இடுகிறான். நாள்தோறும் மாலையிலும் காலையிலும் செய்யும் அக்கினிஹோத்திரத்தை இந்தக் கதையோடு பிராமணம் பொருத்துகிறது. இவ்வாறு இடுபவன் தன்னையும் உண்ணவரும் தீயிடமிருந்து மீட்டுக்கொள்கிறான் என்கிறது. ரிக்வேதத்தின் பத்தாம் மண்டலத்திலேயே (79ஆம் சூக்தம்) பிறந்தவுடன் தன் பெற்றோரைத் தின்னும் குழந்தையாக அக்கினி வருணிக்கப்படுகிறான். கடைந்து தீயெழுப்பும் அரணிக் கட்டைகள்தாம் அந்தப் பெற்றோர். பசி முதலில் இருந்தது. தூது அதற்குக் கிடைத்த வேலை.

பிணமும் அவியும்

அவியை உண்ணும் அதே தீ பிணத்தையும் உண்கிறது. வைதிகச் சிந்தனையை வேறெதையும்விட அலைக்கழித்த சிக்கல் இது என்று எனக்குத் தோன்றுகிறது. ரிக்வேதத்தின் ஈமச் சூக்தம் (10.16) இறந்தவனை முற்றாக எரித்துவிடாதே என்று அக்கினியிடம் மன்றாடுகிறது. பக்குவப்படுத்தி முன்னோரிடம் அனுப்பச் சொல்கிறது. எரிப்பதற்கென்று ஓர் ஆட்டைத் தனியே காட்டுகிறது. பிறகு ஊன் உண்ணும் அக்கினியை யமனின் நாட்டுக்குத் தொலைவாக அனுப்பிவிட்டு, அவி சுமக்கும் அக்கினியை மட்டும் இங்கே நிறுத்திக்கொள்கிறது. ஒரே தீயை இரண்டாகப் பிரிக்கும் இந்த முயற்சியில் ஒரு தவிப்பு இருக்கிறது. பிரான்சின் ஷார்ல் மலமூத் ஈமத்தீயை ஒருவகைச் சமையலாக வாசித்தது இந்த இடத்தில் பொருந்துகிறது. ஆனால் சமைப்பவன் உண்ணாமல் இருப்பானா என்ற ஐயத்தைச் சூக்தம் கைவிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆதிபர்வத்தின் பிருகு கதை இதே சிக்கலைச் சாபமாக மாற்றுகிறது. பிருகுவின் மனைவி புலோமை கருவுற்றிருக்கிறாள். முன்பு அவளை மணக்க விரும்பிய அரக்கன் ஒருவன் ஆசிரமத்துக்கு வருகிறான். இவள் யார் மனைவி என்று அங்கே எரிந்துகொண்டிருந்த வேள்வித்தீயைக் கேட்கிறான். பொய் சொன்னால் பாவம், உண்மை சொன்னால் முனிவரின் சாபம். அக்கினி தயங்கித் தயங்கி உண்மையைச் சொல்கிறான். அரக்கன் பன்றி உருவெடுத்து அவளைத் தூக்கிச் செல்ல, கரு நழுவி விழுகிறது. அந்தக் குழந்தையின் ஒளியில் அரக்கன் சாம்பலாகிறான். குழந்தை சியவனர் என்று பெயர் பெறுகிறது. திரும்பிவந்த பிருகு, காட்டிக்கொடுத்த அக்கினியை எல்லாவற்றையும் உண்பவனாகப் போ என்று சபிக்கிறார்.

அக்கினியின் எதிர்வாதம் கவனிக்கத்தக்கது. சாட்சி சொல்ல அழைக்கப்பட்டவன் அறிந்ததை மறைக்கலாமா என்று கேட்கிறான். தேவர்களும் முன்னோரும் என் வாய் வழியே உண்கிறார்கள், அந்த வாய் எப்படிக் கண்டதையும் தின்னும் என்றும் கேட்கிறான். பிறகு எல்லா வேள்விகளிலிருந்தும் தன்னை விலக்கிக்கொள்கிறான். உலகம் முடங்குகிறது. பிரம்மா ஒரு சமரசம் காண்கிறார்: உன் உடல் முழுதும் எல்லாவற்றையும் உண்ணாது, கீழ்ப்பகுதிச் சுடர்களும் ஊன் உண்ணும் உருவும் மட்டுமே உண்ணும். சூரியக் கதிர் பட்டதெல்லாம் தூய்மையாவதுபோல் நீ எரித்ததெல்லாம் தூய்மையாகும். வேதகாலச் சூக்தம் இரண்டு தீயாகப் பிரித்ததைப் பாரதம் ஓர் உடலின் மேலாகவும் கீழாகவும் பிரிக்கிறது. சமூகத்தையே உடலின் மேலும் கீழுமாக அடுக்கிய ஒரு மரபு தீயையும் அப்படி அடுக்கியதில் வியப்பில்லை.

காட்டிக்கொடுத்தவர்களின் நாக்கு

ஒளிந்திருந்த அக்கினியைக் காட்டிக்கொடுத்த உயிர்களுக்குக் கிடைத்த சாபங்களைத் தொகுத்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. வனபர்வத்தில் மீன் காட்டிக்கொடுக்கிறது. எல்லோருக்கும் இரையாகப் போ என்று சாபம் பெறுகிறது. அனுசாசனபர்வத்தில், முருகனின் பிறப்புக்காகத் தேவர்கள் அக்கினியைத் தேடும்போது, தவளை அவன் நீருக்குள் இருப்பதைச் சொல்கிறது; சுவையறியும் நாக்கை இழக்கிறது. அரசமரத்துக்குள் இருப்பதை யானை சொல்கிறது. அதன் நாக்கு பின்புறமாகத் திரும்பிவிடுகிறது. வன்னிமரத்துக்குள் இருப்பதைக் கிளி சொல்கிறது. பேச்சை இழந்து, தேவர்களின் இரக்கத்தால் மழலை மட்டும் மிஞ்சப்பெறுகிறது. எல்லாச் சாபங்களும் வாயைப் பற்றியவை. ஏழு நாக்குகள் உடையவன் என்று முண்டக உபநிடதம் பெயர் சொல்லிப் பட்டியலிடும் தெய்வம், பிறருடைய நாக்கிலும் உணவிலும்தான் தன் கோபத்தைக் காட்டுகிறது. இயற்கை விளக்கமோ வீழ்ச்சி விளக்கமோ இந்த ஒழுங்கைத் தொடுவதில்லை.

காண்டவம்

உடன்பாடு எதுவும் இல்லாத பசியை மகாபாரதத்தின் காண்டவ தகனம், அதாவது காண்டவ வனத்தை எரித்த கதை, காட்டுகிறது. யமுனைக் கரையில் கண்ணனும் அருச்சுனனும் இருக்கும்போது, நெடிய உருவும் பொன்னிறமும் செந்நிறத் தாடியுமாக ஓர் அந்தணன் வந்து உணவு கேட்கிறான். என்ன உணவு வேண்டும் என்கிறார்கள். சோறு எனக்கு ஆகாது, நான் தீ, இந்தக் காட்டை எனக்குக் கொடுங்கள் என்கிறான். சுவேதகி என்ற அரசன் பன்னிரண்டு ஆண்டு விடாமல் நெய் வார்த்ததால் அக்கினிக்குச் செரிமானக் கேடு வந்தது, அதற்கு மருந்தாகவே காட்டை உண்டான் என்ற கதையைப் பலரும் அறிந்திருப்பார்கள். புணே பண்டார்கர் நிறுவனத்தின் ஆய்வுப் பதிப்பு அதைப் பிற்சேர்க்கை என்று மூலத்திலிருந்து விலக்கியிருக்கிறது. அதை நீக்கிப் படித்தால் அக்கினியின் பசிக்குக் காரணமே இல்லை. காரணமில்லாத பசியைத் தாங்க முடியாத பிற்காலக் கை ஒன்று அதற்கு ஒரு நோயையும் மருந்தையும் கற்பித்திருக்கிறது.

இராவதி கார்வே 'யுகாந்தா' நூலில் இந்த எரிப்பை நிலம் கைப்பற்றும் கொடுஞ்செயலாக வாசித்து, கண்ணனையும் அருச்சுனனையும் கூண்டில் நிறுத்தினார். அந்த வாசிப்பின் அறச்சீற்றம் நியாயமானது. தப்ப முயன்ற உயிர்களைத் தேடித் தேடித் தீக்குள் தள்ளிய காட்சியைப் பாரதம் மறைக்கவே இல்லை. ஆயினும் அந்தப் பகுதியின் நடுவே உள்ள சார்ங்கப் பறவைகளின் கதைக்கு இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். தாய்ப்பறவை ஜரிதை, இறகு முளைக்காத நான்கு குஞ்சுகளையும் எலி வளைக்குள் ஒளிந்துகொள்ளச் சொல்கிறது. குஞ்சுகள் மறுக்கின்றன. எலி தின்று சாவது இழிவு, தீயில் சாவது அதைவிட மேல் என்கின்றன. தாய் பறந்துபோகிறது. தீ நெருங்கும்போது நான்கும் அக்கினியைத் துதிக்கின்றன, அவன் விட்டுவிடுகிறான். ஏற்கெனவே அவற்றின் தந்தை மந்தபாலர் அக்கினியிடம் வேண்டி வாக்குப் பெற்றிருந்தார். துதிக்கத் தெரிந்தவையும் சிபாரிசு உள்ளவையும் பிழைத்தன. மற்ற உயிர்களுக்கு அந்த மொழி தெரியாது.

பிழைத்தவர்களில் அந்தக் காட்டில் வாழ்ந்த நாகன் தட்சகனின் மகன் அசுவசேனனும் உண்டு. எரிந்தபோது காட்டில் இல்லாத தட்சகன் பின்னாளில் அருச்சுனனின் பேரன் பரீட்சித்தைத் தீண்டிக் கொல்கிறான். அதற்குப் பழிவாங்க ஜனமேஜயன் பாம்புகளைத் தீயிலிடும் சத்திரயாகம் தொடங்குகிறான். மகாபாரதம் முழுவதும் அந்தத் தீயின் அருகே சொல்லப்படும் கதை. அதை நிறுத்துவது ஆயுதமோ மழையோ அல்ல. ஆஸ்தீகன் என்ற சிறுவன், நாகப்பெண்ணுக்கும் அந்தணருக்கும் பிறந்தவன், ஒரு வரமாகக் கேட்டு நிறுத்துகிறான்.

மதுரையில் அதே அந்தணன்

காண்டவத்தைத் தெரிந்துகொண்டே மாற்றி எழுதிய ஒரு நூல் தமிழில் இருக்கிறது: சிலப்பதிகாரம். மதுரை எரியும்போது கூலக்கடைத் தெருவும் தேரோடும் வீதியும் நால்வேறு தெருக்களும் கலங்கியதை விவரிக்கும் இளங்கோ, குரங்குக் கொடியோனாகிய அருச்சுனன் காட்டுக்குத் தீயிட்ட நாளோடு அதை ஒப்பிடுகிறார். எனவே வஞ்சினமாலையில் அக்கினி அந்தணக் கோலத்தில் கண்ணகி முன் தோன்றுவது தற்செயல் ஆகாது. நீல நிறம், சிவந்த சடை, பால் போன்ற வெண்பற்கள். யமுனைக் கரைக்கு வந்தவனின் உறவினன்தான் இவனும். ஆனால் இவன் உணவு கேட்கவில்லை. பத்தினியாகிய உனக்குப் பிழை நேரும் நாளில் இந்நகரை எரிக்க முன்பே எனக்குக் கட்டளை உண்டு, இங்கே யார் பிழைக்க வேண்டும் என்று கேட்கிறான். எதை உண்ணலாம் என்ற பழைய கேள்வி, யாரை உண்ணக் கூடாது என்று திரும்பியிருக்கிறது. பதில் சொல்லும் அதிகாரமும் தேவர்களிடமிருந்தும் முனிவர்களிடமிருந்தும் வணிகக் குலத்துக் கைம்பெண் ஒருத்தியிடம் வந்துவிட்டது. அக்கினியின் கதைகளில் இதற்கு இணையான துணிவு எனக்குத் தெரிந்து வேறெங்கும் இல்லை.

கண்ணகியின் பதிலை நாம் மேடைகளில் கொண்டாடுவது போலவே நிதானமாகப் படிக்கவும் வேண்டும். பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழவி ஆகியோரைக் கைவிட்டுத் தீத்திறத்தார் பக்கம் சேர் என்கிறாள். கறவையும் கன்றும் தீண்டப்படாமல் ஆயர் தெருவை அடைந்தன என்று அழற்படுகாதை கணக்காகச் சொல்கிறது. காண்டவத்தில் இத்தகைய வரம்பு எதுவும் கிடையாது. அந்த வகையில் இது பெரிய முன்நகர்வு. ஆனால் பட்டியலில் இடம்பெற்ற சிலர் பிறப்பால் பெற்றார்கள், சிலர் ஒழுக்கத்தால் பெற்றார்கள், சிலர் வயதால் பெற்றார்கள். இவை எவற்றிலும் சேராத, தீத்திறத்தார் என்றும் சொல்ல முடியாத நகரத்து ஆண்களும் பெண்களும் என்ன ஆனார்கள் என்று காப்பியம் சொல்லவில்லை. காண்டவத்தின் நாகர்களைப் போலவே அவர்களுக்காகப் பேசவும் அந்தக் களத்தில் எவரும் இல்லை.